பெயர் தெரியும் வரை

தாளம் போட்டவர் யார் என்று கேட்காமல் அவர் எந்த இசையையும் கேட்டதில்லை. பாடியவரை உலகம் அறியும், உடனிருந்தவரை யார் அறிவார் என்பது அவருடைய ஓயாத கேள்வி. அம்பாசமுத்திரத்தை அடுத்த எங்கள் சமுதாய வானொலியில் பதினோர் ஆண்டுகள், நாள்தோறும் மாலை நான்கு மணிக்கு இசை நிகழ்ச்சி நடத்தியவர் அவர். பெயர்களுக்காகவே வாழ்ந்த ஒருவரைப் பெயர் சொல்லாமல் எழுத நேர்ந்தது எனக்கு உவப்பானதன்று. ஆயினும் தம் பெயரை ஒலிபரப்பில் ஒருமுறையேனும் சொல்லிக்கொள்ளாதவரை நான் அச்சில் சொல்வது முறையாகாது. நேயர்களுக்கு அவர் ‘நாலு மணி அக்கா’. எனக்கு அவர் என்னவாக இருந்தார் என்பதை இன்றுவரை ஒரு சொல்லில் அடக்க இயலவில்லை. சொற்களோடு நாற்பது ஆண்டுகள் புழங்கியும் இந்நிலை.

ஓர் இசைப்பதிவு முடிந்ததும் அவர் உடனே பேசமாட்டார். ஒரு மூச்சு நேரம் கழியும். பின்பு பாடியவர், வயலின், மிருதங்கம், கடம், தம்புரா என்று ஒவ்வொருவராகச் சொல்லிவருவார். நம்மில் பலர் பெயர்ப் பட்டியலைப் படிக்கும்போது தொடக்கத்தில் குரலை உயர்த்திக் கடைசியில் தாழ்த்திவிடுவோம். அவர் தாழ்த்தமாட்டார். பெரும்புகழ் பெற்ற பாடகியின் பெயருக்கு எவ்வளவு நிறை கொடுத்தாரோ, தம்புரா மீட்டிய பெண்ணின் பெயருக்கும் அதே நிறை கொடுப்பார். கேட்பவருக்கு அந்தத் தம்புராக்காரி சற்று நிமிர்ந்து அமர்வது போலத் தோன்றும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் திருநெல்வேலியில் தொலைபேசி இணைப்பகத்தில் பணியாற்றியவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. பணி முடிந்து விடுதி அறைக்குத் திரும்பினால் அரசு வானொலியின் இசை நிகழ்ச்சிகளே அவருக்குத் துணை. பக்கவாத்தியக்காரர் பெயர்களை ஒருவர் விடாமல் அறிவிக்கும் மரபை அவர் அங்கிருந்துதான் கைக்கொண்டார்.

“நான் ரெண்டு பேரச் சேத்து விட்டுட்டு நடுவுல காணாமப் போறவ சார்,” என்றார் ஒருமுறை. “ரேடியோல நடுவுல இருக்கவுக பேரயும் சொல்லுதாகளேன்னு அப்ப அவ்வளவு ஆச்சரியமா இருக்கும்.”

நிலையம் என்பது சற்றுப் பெரிய சொல். உழவர் கூட்டமைப்பு ஒன்றின் விதைக்கிடங்குக்கு மேலே இரண்டு அறைகள். எதிரொலியைத் தடுக்கச் சுவரெங்கும் முட்டை அடுக்கும் அட்டைகள். மொட்டைமாடியில் ஒரு கம்பம். விதைநெல்லின் மணம் படிக்கட்டு வழியே ஏறிவந்து ஒலிவாங்கியின் முன்னும் அமர்ந்திருக்கும். எங்கள் அலை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் எட்டாது. மணிமுத்தாறு அணையைக் கடந்து பேருந்து மலைப்பாதையில் ஏறத் தொடங்கினால் மூன்றாம் வளைவில் நாங்கள் வெறும் இரைச்சலாகிவிடுவோம். அந்த வளைவுக்கு முன்னால் வண்டியைப் பைய உருட்டிப் பாட்டை முடிக்கவிட்டு அப்புறமே ஏறுவதாக ஓட்டுநர் ஒருவர் நேரில் வந்து சொல்லிப் போனார். பயணிகள் ஏசவில்லையா என்று கேட்டேன். ஏசுவார்கள், ஆனால் பாட்டு முடிந்த பிறகுதான் ஏசுவார்கள் என்றார்.

விளம்பரம் இல்லாத வானொலியில் காலம் வேறொரு நடையில் செல்கிறது. காம்போதி ஆலாபனை இருபத்தேழு நிமிடம் என்றால் இருபத்தேழு நிமிடமும் ஒலிக்கும். இடையில் பற்பசை வாராது, நகைக்கடை வாராது, அடுத்து என்ன வரப்போகிறது என்று ஆசைகாட்டும் குரலும் வாராது. கேட்பவர் வாடிக்கையாளராக அன்றி வெறும் செவியாக இருக்கும் உரிமை வேறெங்கே கிடைக்கிறது? கடைத்தெருவின் பெரிய துணிக்கடைக்காரர் ஒருமுறை மாடியேறி வந்து, நிகழ்ச்சியின் முன்னும் பின்னும் தம் கடையின் பெயரைச் சொன்னால் போதும், வேண்டியதைச் செய்கிறேன் என்றார். அவரை நாற்காலியில் அமர்த்தித் தேநீர் கொடுத்துவிட்டு இவர் சொன்ன மறுமொழி இது.

“தாராளமாச் சொல்லலாம் அண்ணாச்சி. ஆனா இங்கன ஒரு வழக்கம் இருக்கு. ஒங்க பேரச் சொன்னா, கடையில சேல மடிக்குத பிள்ளைய பேரு, மாடி பெருக்குத அம்மா பேரு, எல்லாத்தையும் சேத்துத்தான் சொல்லணும். எழுதிக் குடுத்துட்டுப் போறீயளா?”

அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார். எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் அன்றுமுதல் அவர் கடையில் நான்கு மணிக்கு எங்கள் வானொலி ஒலிக்கத் தொடங்கியது.

அவருடைய நிகழ்ச்சிக்கு முந்திய பத்து நிமிடம் என்னுடையது. கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்குச் சொல்லாராய்ச்சி உரை ஒன்றை ஒதுக்கியிருந்தார்கள். என் உரை நான்கு மணிக்கு முடியும். என் வீட்டு வழியாகச் செல்லும் பேருந்து நான்கு ஐந்துக்கு வரும். அந்தப் பேருந்தில் நான் ஒருநாளும் ஏறியதில்லை. மறுநாள் உரையைத் திருத்துவதாகச் சொல்லிக்கொண்டு வெளியறையில் அமர்ந்து, கண்ணாடித் தடுப்பின் வழியே அவரைப் பார்த்தபடி அந்த ஒரு மணி நேரத்தையும் கேட்டு முடித்தே எழுவேன். திருத்த வேண்டிய தாள் திருத்தப்படாமலே இருக்கும். அவர் அதைக் கண்டிருப்பார். கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

என் தனித்தமிழ்ப் பற்றை மட்டும் அவர் விட்டுவைக்கவில்லை. ‘பக்கவாத்தியம்’ என்பதை விடுத்துத் ‘துணையிசை’ என்று அறிவிக்கலாமே என்று ஒருநாள் முன்மொழிந்தேன்.

“துணையிசைன்னு சொன்னா, தவில்காரரு ஏதோ சமையலுக்குத் துணையாப் போனவருன்னு நெனச்சுருவாக சார். அவரு வீட்டம்மாவே வந்து நம்மள ஏசிட்டுப் போவாக,” என்றார். நான் அந்த முன்மொழிவைத் திரும்பப் பெற்றேன்.

பெயர் பற்றிய அவருடைய பிடிவாதம் நூலறிவால் வந்ததன்று. நிலையம் தொடங்கிய முதல் ஆண்டில், நடவு வயலில் பெண்கள் பாடியதை வரப்பில் நின்று பதிந்துவந்து, ‘பாடியோர் குழுவினர்’ என்று அறிவித்து ஒலிபரப்பினார். மறுநாள் முற்பகல் கால்களில் சேறு காயாத ஒரு பெண் படியேறி வந்தார். நாலு மணி அக்காவும் நானும் வெளியறையில் இருந்தோம்.

“குழுவினர்னு சொன்னீயளே, அது யாரு?” என்று கேட்டார் அந்தப் பெண்.

அக்கா விளங்காமல் பார்த்தார்.

“பாடுனது நான். பின்னால வாங்கிப் பாடுனது எம் மதினி. வீட்டோட ரேடியோவச் சுத்தி உக்காந்திருந்தோம். குழுவினர்னு சொல்லி முடிச்சுட்டீய. எம் பிள்ளைய என்னப் பாத்துச் சிரிக்குதுக. எனக்கு எங்கம்மா பேரே வைக்கலியாம்.”

அவர் எழுந்து நின்றுவிட்டார். தாளை எடுத்து, வயலில் இருந்த ஒன்பது பெண்களின் பெயர்களையும் கேட்டு எழுதி, சரியாக எழுதியிருக்கிறேனா என்று திரும்பப் படித்துக் காட்டினார். அன்று நான்கு மணிக்கு நிகழ்ச்சி அந்த ஒன்பது பெயர்களோடுதான் தொடங்கியது. ‘குழுவினர்’ என்னும் சொல் அதன்பின் அவர் வாயில் வந்ததே இல்லை. உடன் ஒரு விதியும் பிறந்தது. ஒரு பதிவில் ஒலிக்கும் அனைவருடைய பெயரும் தெரியும்வரை அந்தப் பதிவு ஒலிபரப்பாகாது.

இவ்வாறு நிறுத்தப்பட்ட பதிவுகளுக்கு இரும்பு அலமாரியின் மேல்தட்டு. அதற்கு அவர் இட்ட பெயர் ‘வெயிட்டிங்’. இணைப்பகத்தில் வெளியூர் அழைப்புக்காகக் காத்திருப்போர் வரிசையை அப்படிச் சொல்லிப் பழகியவர். அங்கே நாற்பதுக்கு மேற்பட்ட பதிவுகள் இருந்தன. எவர் மறைவுக்கோ பாடிய ஒப்பாரி, மலைத்தோட்டப் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டே பாடியது, உறுமியும் மகுடமும் முழங்கிய கொடைவிழா ஒன்று. அவற்றுள் தலையாயது ஒரு தைப்பூசப் பதிவு.

வழக்கறிஞர் ஒருவர் மறைந்தபின் அவருடைய மக்கள் ஓர் அட்டைப்பெட்டி நிறைய ஒலிநாடாக்களைத் தந்து சென்றனர். அதில் ஒன்றின்மேல் ‘தைப்பூசம், தெற்கு ரதவீதி, சண்முகவடிவேல் நாகசுரம்’ என்று மட்டும் எழுதியிருந்தது. நாகசுரம் கரகரப்பிரியாவில் மேலே ஏறும்போதெல்லாம் தவில் ஒதுங்கி நின்று வழிவிடும். வழிவிடுவதிலும் ஒரு மிடுக்கு இருக்கக்கூடும் என்பதை நான் அந்தப் பதிவில்தான் அறிந்தேன். பிறகு நாகசுரம் ஓய்ந்ததும் தவில் தனியே எழும். பதினொரு நிமிடம். முதலில் வினவுவது போல, பின் விடை தெரிந்தவன் சொல்லத் தயங்குவது போல, முடிவில் தெருவே அதிரும்படி. வீதியில் நின்ற கூட்டம் அந்தப் பதினொரு நிமிடமும் பேசவில்லை என்பது பதிவிலேயே கேட்கிறது.

அந்தத் தவில்காரர் யார்? நாகசுரக் கலைஞர் எப்போதோ காலமாகிவிட்டார். அவர் மகனைத் தேடிப்பிடித்துக் கேட்டபோது, வழக்கமாக வாசிப்பவர் அந்த ஆண்டு வரவில்லை, மாற்றாளாக யாரோ வந்தார், தமக்கு அப்போது ஏழு வயது என்று சொல்லிவிட்டார். இவர் விடவில்லை. விடுமுறைதோறும் பேருந்தேறிக் கல்லிடைக்குறிச்சி, ஆழ்வார்குறிச்சி, கடையம் என்று ஊர் ஊராகக் கோயில்களிலும் திருமண மண்டபங்களிலும் விசாரித்தார். மூன்று ஆண்டுகள். பதிவோ மேல்தட்டிலேயே இருந்தது. வெளியறையில் நாங்கள் இருவர் மட்டும் அதை எத்தனையோ முறை போட்டுக் கேட்டோம்.

“பெயர் அறியப்படாத கலைஞர் என்று சொல்லி ஒலிபரப்பிவிடலாமே,” என்றேன் ஒருநாள்.

“ஒங்களுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வருது சார். ‘பெயர் அறியப்படாத பேராசிரியர் அவர்களுக்கு’ன்னு எழுதியிருக்கு. போவீயளா?”

“இத்தகைய வாசிப்பை ஊரார் கேட்காமல் இருப்பது இழப்பில்லையா?”

“கேப்பாக. பேர் தெரியட்டும். பாட்டு எங்க ஓடியா போவுது?”

அதற்குமேல் நான் வாதாடவில்லை. வாதத்தில் வெல்வதைவிட அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்கு இனிதாக இருந்தது.

ஒரு மாசி மாதம் கண்புரை அறுவைக்காக அவர் பாளையங்கோட்டைக்குச் சென்றார். பன்னிரண்டு நாளுக்கான பதிவுகளையும் பெயர்ப் பட்டியல்களையும் வரிசைப்படுத்தி வைத்து, நிகழ்ச்சியை என்னிடம் ஒப்படைத்தார். அலமாரிச் சாவியையும் ஒப்படைத்தார். பாளையங்கோட்டை எங்கள் அலை எட்டாத தொலைவு. ஐந்தாம் நாள் நான் மேல்தட்டைத் திறந்தேன். அன்றைய பதிவு பழுதுபட்டதென்றோ, கைதவறி எடுத்துவிட்டேன் என்றோ சொல்லித் தப்பலாம். உண்மை அதுவன்று. அந்தத் தவில் ஒருநாளேனும் இந்த ஆற்றுவெளி முழுவதும் கேட்கவேண்டும் என்று விரும்பினேன். விதி மீறல் என்று அறிந்தே செய்தேன். ‘தவில், பெயர் அறியப்படாத கலைஞர்’ என்று தொடக்கத்திலேயே அறிவித்தேன்.

பதிவு முடியுமுன்பே தொலைபேசி ஒலித்தது.

“நாலு மணி அக்காவா?”

அவர் விடுப்பிலிருக்கிறார் என்றேன்.

“சரி அண்ணாச்சி. இப்ப ஓடுதுல்லா தைப்பூசம், அதுல தாளம் போடுதது நாந்தான். மாடசாமி. கல்லிடையில சைக்கிள் கடை வச்சிருக்கேன். சுருதிப்பெட்டி கணபதி. தவிலுக்குப் பேர் தெரியாதுன்னு சொன்னீயளே, எங்க இசக்கிமுத்து அண்ணன்லா அது.”

பெயர்களைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டேன்.

“சிவந்திபுரத்துல இருந்தாரு அண்ணாச்சி. போன பொரட்டாசில தவறிட்டாரு.”

மறுநாள் காலை மாடசாமியோடு சிவந்திபுரம் சென்றேன். இசக்கிமுத்துவின் மனைவி வாசலை ஒட்டிய அறையில், மடியில் சுளகு என்னும் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். அருகில் ஒரு சிறிய வானொலிப்பெட்டி. முந்தின நாள் சொந்தக்காரர் வீட்டுத் துக்கத்திற்குப் போயிருந்ததால் நான் ஒலிபரப்பியதை அவர் கேட்கவில்லை. நாங்கள் வந்த செய்தியைச் சொன்னதும் கையிலிருந்த இலையை நறுக்கி முடித்தார். பிறகு சொன்னார். கைநடுக்கம் வந்தபின் கணவர் தவிலைக் கொடுத்துவிட்டார். அதன்பின் அவருக்கு எல்லாம் இந்தப் பெட்டிதான். நான்கு மணியானால் மடியில் எடுத்து வைத்துக்கொள்வார். யார் வாசித்தாலும், பெயர் சொல்லி முடியும்வரை எழமாட்டார்.

“‘அந்தம்மா ஒருநா எம் பேரயும் சொல்லும், நீ வேணாப் பாரு’ம்பாரு. ‘ஆமா, ஒங்களத் தேடிட்டுல்லா அலையுதாக’ன்னு நான் எளக்காரம் பண்ணுவேன்.”

அலைந்தார்கள் என்பதை, வரும் வழியில் மாடசாமியிடம் சொன்ன நான், அந்த அம்மையாரிடம் சொல்லவில்லை. எங்கள் நிலையத்திலிருந்து அந்த வீடு நான்கு மைல்.

பாளையங்கோட்டையிலிருந்து அவர் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்த அன்று, மூன்று பெயர்களையும் எழுதிய அட்டையை அவர்முன் வைத்தேன். கண்ணருகே தூக்கிப் பிடித்துப் படித்தார். அவர் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சியை நான் அதற்குமுன் கண்டதில்லை, பின்னும் காணவில்லை.

“ஆளு எங்கன இருக்காரு சார்? ஒரு காரு வச்சுக் கூட்டிட்டு வந்துருவோம். அவர இங்கன உக்கார வச்சுட்டுத்தான் போடணும்.”

“அவர் இல்லை,” என்றேன்.

“எப்போ?”

“சென்ற புரட்டாசியில்.”

அவர் விரலை மடக்கினார். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை, மாசி. மடக்கிய விரல்களைத் திறக்காமலே இருந்தார்.

“நீங்க போட்டீயளா?”

“போட்டேன். பெயர் அறியப்படாதவர் என்று சொல்லிப் போட்டேன்.”

“மூணு வருசத்துக்கு முந்தி போட்டிருக்கணும்,” என்றார். அது என்மேல் வைத்த குற்றமன்று.

இசக்கிமுத்து நாள்தோறும் இவர் குரலைக் கேட்டுக் காத்திருந்தார் என்பதை நான் மறைத்துவிட்டேன். இவ்வளவு சொன்னதே மிகை என்று தோன்றியது. ஆனால் அவர் அந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்றார். கண்ணில் புழுதி படும், வெயில் கூடாது, மருத்துவர் சொன்ன நாள் கழியட்டும் என்று நான் ஒவ்வொன்றாகத் தடை சொன்னேன். நான்காம் தடையோடு அவர் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

வாசலில் நின்று, “அம்மா, இருக்கீயளா?” என்றுதான் கேட்டார். உள்ளிருந்து முகம் பாராமலே மறுமொழி வந்தது.

“நாலு மணி அக்கால்லா. வாங்க.”

நான் பேச்சை மழை, பீடியிலை, பேருந்து என்று வேறு பக்கம் திருப்பப் பார்த்தேன். பயனில்லை. அந்த அம்மையார் என்னிடம் சொன்னதை எல்லாம், அந்த எளக்காரத்தையும் சேர்த்து, ஒரு வன்மமும் இல்லாமல் அவரிடமும் சொன்னார். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நான் தேடிட்டுத்தாம்மா இருந்தேன்,” என்றார் கடைசியில். “மூணு வருசம். கடையம் வரைக்கும் போயி விசாரிச்சேன்.”

“தெரியும்க்கா. மாடசாமி அண்ணாச்சி சொன்னாரு.” சுளகிலிருந்து நிமிர்ந்து பார்த்தார் அந்த அம்மையார். “எதுக்கு அங்கனல்லாம் போனீய? ரேடியோ ஒங்க கையிலதான இருந்துச்சு. இது வாசிச்சது யாருன்னு ஒரு வார்த்த அதுலயே கேட்டிருந்தா, இந்தா, இங்கன இருந்தே நாந்தான்னு சொல்லியிருப்பாரே.”

குற்றஞ்சாட்டும் குரலில் அவர் அதைக் கேட்கவில்லை. அப்பம் சுட்டவளிடம் உப்பு ஏன் போடவில்லை என்று கேட்பது போல, விளங்கிக்கொள்ளத்தான் கேட்டார். நாள்தோறும் ஒலிவாங்கியின் முன் அமர்ந்தவருக்கு அது எட்டவில்லை. மூன்று ஆண்டுகள் அவர் பக்கத்திலேயே அமர்ந்திருந்த எனக்கும் அது தோன்றியதில்லை. ஒரு பெயரை இழிவுபடுத்திவிடக் கூடாதே என்று நாங்கள் அதை அத்தனை கவனமாகப் பூட்டி வைத்திருந்தோம்.

சற்றுக் கழித்து அக்கா தம் பையிலிருந்து ஒரு கையடக்க ஒலிக்கருவியை எடுத்தார். அந்தப் பதிவைக் கொண்டுவந்திருந்தார். அந்த அம்மையார் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

“இங்கன போடாண்டாம்க்கா. நான் ஒருத்தி கேட்டு என்ன செய்ய? ரேடியோல போடுங்க. ஊரு கேக்கட்டும்.”

அதற்குப் பிறகான மாதங்களில் அவர் மேல்தட்டுப் பதிவுகளை ஒவ்வொன்றாக ஒலிபரப்பினார். ஒவ்வொரு பதிவுக்கும் பின்னால் மூச்சு நேரம் விட்டு, இவர் யார் என்று எங்களுக்குத் தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டார். பீடி சுற்றும் வீடுகளிலிருந்தும் ஆலைக் குடியிருப்புகளிலிருந்தும் வயலோரக் களத்திலிருந்தும் அழைப்புகள் வந்தன. ஒப்பாரி பாடியவரின் பேத்தி பேசினார். உறுமிக்காரர் தாமே பேசினார். கொழுந்து பறித்தவர்களில் இருவர், மலையை விட்டிறங்கி மணிமுத்தாற்றில் குடியேறியவர்கள், ஒரே தொலைபேசியில் மாறி மாறிப் பேசினார்கள். இரண்டாண்டுகளில் தட்டு ஏறக்குறைய வெறுமையாயிற்று. அதன்பின் பார்வை மீண்டும் மங்கி, தம்பி மகளோடு வாழ அவர் ஓசூருக்குச் சென்றார். மறு மழைக்காலத்தில் அங்கிருந்தே அவர் மறைந்த செய்தி வந்தது. இப்போதும் நான்கு மணிக்கு நிகழ்ச்சி உண்டு. புதிதாக வந்தவர்கள் பெயர்களைத் தவறாமல் சொல்கிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. என் உரை முடிந்தும் நான் எழாமல் இருக்கிறேன். பாட்டு ஓய்ந்து, பேச்சு தொடங்குவதற்கு முந்திய அந்த ஒரு மூச்சு நேரத்தில், வரப்போவது வேறு குரல் என்பதை என் செவி நாள்தோறும் மறந்துவிடுகிறது.

அவரை நினைக்கும்போது முதலில் என் உள்ளத்தில் எழுவது சிவந்திபுரத்திலிருந்து திரும்பிய மறுநாள். அன்று என் உரையை விட்டுக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். “நீங்க அந்த வீட்டுல போய் உக்காந்துருங்க சார். அவுக தனியாக் கேக்கக் கூடாது,” என்றார். நான் சென்றேன்.

நான்கு மணிக்கு அவர் குரல் வந்தது. வழக்கத்திற்கு மாறாகப் பெயர்களை முதலிலேயே சொன்னார். “நாகசுரம், சண்முகவடிவேல். தவில், சிவந்திபுரம் இசக்கிமுத்து. தாளம், மாடசாமி. சுருதிப்பெட்டி, கணபதி.” பிறகு தொடர்ந்தார். “இந்தப் பதிவு மூணு வருசமா நம்ம அலமாரில இருந்தது. பேர் தெரியட்டும்னு நான்தான் வச்சிருந்தேன். வச்சிருந்தது தப்பு. இசக்கிமுத்து அண்ணன் இதைக் கேக்காமப் போயிட்டாரு. இப்ப நீங்க கேளுங்க.” ஒலிபரப்பில் அவர் ‘நான்’ என்று சொன்னது அந்த ஒருநாள்தான்.

தைப்பூசக் கூட்டத்தின் இரைச்சல் அந்தச் சிறு அறைக்குள் நுழைந்தது. அந்த அம்மையார் பீடி சுற்றிக்கொண்டே இருந்தார். இலையும் தூளும் நூலும் விரல்களில் தாமாகச் சென்றன. நாகசுரம் ஓய்ந்து தவில் தனியே எழுந்தபோது கைகள் நின்றன. பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் ஓசைபடாமல் வந்து நிலைப்படியில் அமர்ந்தனர். பதினொரு நிமிடம். தவிலின் கடைசித் தீர்மான அடி விழுந்ததும் அந்த அம்மையார் பெட்டியை அணைக்கவில்லை. முன்பே சொல்லிய பெயர்களை வானொலிக் குரல் மீண்டும் ஒருமுறை சொல்வதைக் கேட்டு முடித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நாளைக்கும் போடுவாகளா?”

ஒரே பதிவை அடுத்தடுத்த நாளில் ஒலிபரப்பும் வழக்கம் எங்கள் நிலையத்தில் இல்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நிலையத்துக்குத் திரும்பிவந்து அவரிடம் அதைச் சொன்னபோது அவர் மறுநாளுக்கு எடுத்து வைத்திருந்த பதிவை மீண்டும் அலமாரியில் வைத்துவிட்டார். மறுநாள் நான்கு மணிக்கு அந்தப் பெயர்கள் நான்கையும், முந்தினநாள் சொல்லவே இல்லை என்பதுபோல, ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னார்.